பூர்வீக செட்டிநாட்டு வீடு: நாமளே தங்கி பி அண்ட் பி (ரூமும் காலை சாப்பாடும்) நடத்துறதா, லீஸுக்கு விடுறதா, ஷூட்டிங்குக்கு கொடுக்குறதா?

"ஊர்ல ஐயா கட்டின வீடு பூட்டியே கிடக்கு, ஹோம்ஸ்டே போடலாமா, இல்ல ஹோட்டல்காரங்களுக்கு லீஸுக்கு விட்டுரலாமா"ன்னு கேட்டு வர்ற மெசேஜ் இப்பல்லாம் ரொம்ப அதிகமாயிருச்சு. கேக்குறவங்க பெரும்பாலும் சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருக்காங்க, வீடு கானாடுகாத்தான்லயோ பள்ளத்தூர்லயோ கோட்டையூர்லயோ தேவகோட்டையிலயோ இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை படைப்புக்கு, அதாவது முன்னோர்களுக்கு படைச்சு கும்பிடுறதுக்கு போய் திறந்து கூட்டிப் பெருக்கி சாமி கும்பிட்டுட்டு ரெண்டாம் நாள் பூட்டிட்டு வந்துர்றாங்க. மழைக்கு ஒழுகுது, வாட்ச்மேனுக்கு சம்பளம் போகுது, பங்காளிங்க எட்டு பேர்ல ரெண்டு பேர்தான் காசு போடுறாங்க, இப்படியே எத்தனை நாள் ஓட்டுறதுன்னு மனசு கேக்குது. அந்த நேரத்துல பக்கத்து ஊர்ல ஒரு ஹெரிட்டேஜ் ஹோட்டல் ஒரு ராத்திரிக்கு என்ன வாங்குதுன்னு நெட்ல பார்த்துர்றாங்க, அதுல இருந்துதான் இந்த கேள்வியே ஆரம்பிக்குது.

காரைக்குடியில தி பங்களா, கானாடுகாத்தான்ல விசாலம், கொத்தமங்கலத்துல சாரதா விலாஸ், கடியாபட்டியில சிதம்பர விலாஸ்னு இந்த ஏரியாவுக்கு ஆளை கூட்டிட்டு வர்ற பேர்கள் இருக்கு. அவங்க போட்ட பாதையிலதான் சின்ன வீடுகளுக்கும் கெஸ்ட் வர்றாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு கம்பெனி எடுத்து நடத்துற வீடும், குடும்பமே உட்கார்ந்து நடத்துற வீடும், நடத்த ஆளே இல்லாத நம்ம வீடும் ஒண்ணு இல்ல. அவங்க ரேட்டை பார்த்து நம்ம கணக்கை போடக்கூடாது. 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்ததை வெச்சு "இனிமே கவர்மென்ட் பார்த்துக்கும்"னு சில பேர் நம்புறாங்க, அந்தப் பட்டியல்னால உங்க வீட்டு ஓடு மாத்த யாரும் காசு தரப்போறதில்ல.

எதையெல்லாம் வெச்சு முடிவு பண்றது

முதல் கேள்வி, அந்த வீட்டுல ராத்திரி யாரு தூங்கப் போறாங்க. குடும்பத்துல ஒருத்தர், சம்பளத்துக்கு வந்தவங்க இல்ல, நம்ம ஆளு ஒருத்தர் அங்க நிரந்தரமா இருப்பாங்களா. நான் இதை முதல்ல வெக்கிறதுக்கு காரணம் இருக்கு, மத்த எல்லாத்தையும் காசு கொடுத்து சரி பண்ணலாம், இதை பண்ண முடியாது.

ரெண்டாவது பங்காளிங்க. வளவுல, அதாவது நடுமுற்றத்தை சுத்தி இருக்குற ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளிக்குன்னு, அதாவது கல்யாணம் ஆன ஒரு குடும்பத்துக்குன்னு ஒதுக்கினது, பத்திரத்துல பேர் இருக்குற எல்லாரும் கையெழுத்து போட்டாதான் எதுவுமே நடக்கும். அதோட படைப்பு, கல்யாணம், சாந்தின்னு (அறுபதாம் கல்யாணம் மாதிரி) வந்தா வீடு நமக்கு வேணும், அந்த நாள்ல வெளியாள் உள்ள இருக்கக்கூடாது.

மூணாவது கூரையும் சுவரும், அதாவது வருஷா வருஷம் வர்ற பராமரிப்பை யாரு பார்க்குறது, யாரு காசு போடுறது. நாலாவது, முதல்ல எவ்வளவு இறக்கணும், பின்னாடி மனசு மாறினா வீட்டை பழையபடி ஆக்க முடியுமா. அஞ்சாவதாத்தான் வருமானம், அதுவும் செலவு வரி எல்லாம் போக கையில நிக்கிறது.

நிறைய பேர் அஞ்சாவதுல ஆரம்பிச்சு மேல வர்றாங்க. ஒண்ணாவது கேள்விக்கு பதில் இல்லாம அஞ்சாவதை போட்டு பார்க்குறதுல பிரயோஜனம் இல்ல.

வழி 1: நாமளே தங்கி நடத்துற பி அண்ட் பி

எனக்கு மனசுக்கு ரொம்ப பிடிச்ச வழி இதுதான், கஷ்டமும் இதுலதான் அதிகம்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்துல பதிவு பண்ணணும்னா 1லேர்ந்து 6 ரூம், மொத்தம் 12 பெட், அதுக்கு மேல போகக்கூடாது, வீட்டுக்காரங்களும் குடும்பமும் அதே வீட்டுல குடியிருக்கணும். இந்த நிபந்தனையை தொல்லையா பார்க்காதீங்க, நல்ல பி அண்ட் பி எப்படி இருக்கணும்னு இதுவே சொல்லிருது. 50 அறை இருக்குற வீடா இருந்தாலும் 4 ரூமை மட்டும் எடுத்து அதை ஒழுங்கா வெச்சா போதும்.

எந்த 4 ரூம்ங்கிறதுதான் பெரிய கேள்வி. எல்லாருக்கும் முதல்ல கண்ணு போறது வளவுக்கு, தேக்குத் தூணும் வெளிச்சமும் அங்கதான இருக்கு. ஆனா வளவறைகள் சாமான் வெக்கவும் கல்யாணம் ஆனவங்களுக்கு தனியா ஒரு இடம்னும் கட்டினது, சின்னதா இருக்கும், காத்தோட்டம் குறைவு, நிலை உசரம் கம்மிங்கிறதால குனிஞ்சு உள்ள போகணும், பாத்ரூம்ங்கிற பேச்சே கிடையாது. அங்க பாத்ரூம் சேர்க்கணும்னா சுண்ணாம்புச் சுவரை உடைச்சு பைப் இழுக்கணும், அந்த ஈரம் சுவர்ல ஏறும், ரெண்டு மழைக்காலம் போனா வெள்ளைக்கரு போட்டு கண்ணாடி மாதிரி தேய்ச்ச பூச்சு உப்பி உதிர ஆரம்பிச்சிரும். அதனால வளவை தொடாதீங்க, எல்லாரும் உட்கார்ந்து பேசுற சாப்பிடுற இடமா அப்படியே விடுங்க. ரூமை வளவுக்கு பின்னாடி இருக்குற இரண்டாங்கட்டுலயோ மேல்மாடியிலயோ முகப்பு பக்கத்து பெரிய ஹாலை ஒட்டியோ எடுங்க, பாத்ரூமை வெளிச்சுவர் ஓரமா, தனியா நிக்கிற மாதிரி, தண்ணி லைன் எல்லாம் வெளியில தெரியிற மாதிரி போடுங்க. நாளைக்கு எடுக்கணும்னா எடுத்துரலாம், கசிஞ்சாலும் உடனே கண்ணுல படும்.

ரூமை முடிவு பண்றதுக்கு முன்னாடி மே மாசத்துல ஒரு ராத்திரி கதவை சாத்திட்டு நீங்களே அதுல படுத்து பாருங்க. கொசு எங்கேருந்து வருது, மேல வவ்வால் சத்தம் கேக்குதா, விடியக்காலையில கோயில் ஸ்பீக்கர் எந்த ஜன்னல் வழியா வருது, பாத்ரூமுக்கு இருட்டுல போகும்போது எந்த நிலைப்படி காலை தடுக்குது, எல்லாம் அந்த ஒரு ராத்திரியில தெரிஞ்சிரும்.

இப்ப கணக்கு. நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டை போட்டு மாத்திக்கோங்க. 4 ரூம், காலை சாப்பாடு சேர்த்து ஒரு ரூமுக்கு ராத்திரிக்கு 5,000 ரூபாய். வருஷத்துக்கு மொத்தம் 1,460 ரூம் ராத்திரி, அதுல கால்வாசி நிரம்புதுன்னு வெச்சுக்குவோம், 365. வரவு 18,25,000. சமையலுக்கு ஒருத்தர், ரூமுக்கு ரெண்டு பேர், வாட்ச்மேன் ஒருத்தர், ஆளுக்கு மாசம் 15,000ன்னா வருஷத்துக்கு 7,20,000. பாதி புக்கிங் வெப்சைட் வழியா வந்து அவங்க 18% எடுத்தா 1,64,250. சாப்பாடு, லாண்டரி, சோப்பு எல்லாம் சேர்த்து ரூமுக்கு ராத்திரிக்கு 900னா 3,28,500. கரென்ட், நெட், ஜெனரேட்டர் மாசம் 25,000னா 3,00,000. எல்லாம் போக மிச்சம் 3,12,250. இதுல இன்னும் ஓடு மாத்தல, சுண்ணாம்பு அடிக்கல, முதல்ல போட்ட காசுக்கு வட்டி போடல, அங்க உட்கார்ந்து ராத்திரி பகலா பார்க்குற உங்களுக்கு சம்பளமும் எடுக்கல.

இந்தக் கணக்கை பார்த்து மனசு விட்டுறாதீங்க, ஆனா இதை பார்த்துட்டே இறங்குங்க. இந்த அளவுல நடக்குற பி அண்ட் பி வீட்டோட பராமரிப்பை தூக்கிக்கும், வீட்டுல ஆள் நடமாட்டம் இருக்கும், விளக்கு எரியும், ஊர்ல நாலு பேருக்கு வேலை இருக்கும். ஒரு குடும்பம் இதை மட்டும் நம்பி வாழ முடியாது. ரிட்டயர் ஆகி பென்ஷனோ வேற வரும்படியோ இருந்து ஊர்லயே இருக்க ஆசைப்படுற தம்பதிக்கு இது பொருத்தமா இருக்கும், வேலையை விட்டுட்டு லோன் போட்டு வர்ற முப்பது வயசு பையனுக்கு நான் சொல்லவே மாட்டேன்.

வரி பக்கம், வருஷ வரவு 20 லட்சத்தை தாண்டினா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 7,500 ரூபாய் வரைக்கும் இருக்குற ரூமுக்கு 2025 செப்டம்பர் 22லேர்ந்து 5%, அதுக்கு மேல போனா 18%, அதனால 7,500 தாண்டி ரேட் வெக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க. மேல சொன்ன கணக்குலயே கால்வாசிக்கு பதிலா 30% நிரம்பினா வரவு 21,90,000 ஆயிரும், அப்ப நீங்க லைனை தாண்டிட்டீங்க. வருமான வரியில இது பிசினஸ் வருமானமா போகும், செலவுக்கு எல்லாம் பில் வேணும், கொத்தனாருக்கு கையில கொடுத்த காசை பின்னாடி காட்ட முடியாது.

வெளிநாட்டுக்காரங்க தங்கினா அவங்க வந்த 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசாங்கத்துக்கு தெரிவிக்கிற சி ஃபார்மை ஆன்லைன்ல ஏத்தணும், ராத்திரி பதினோரு மணிக்கு களைச்சு வந்தாலும் பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கி போட்டோ எடுத்துட்டுத்தான் விடணும். சாப்பாடு போடுறதால எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுக்கணும். ஈபி எந்த டாரிஃப்ல வரும்னு உங்க செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதி கேட்டு எழுத்துலயே பதில் வாங்கி வெச்சுக்கோங்க, வாய்ல சொன்னதை நம்பி ஏசி மாட்டாதீங்க.

வெளிய தெரியாத செலவுன்னா, பெரும்பாலான கெஸ்ட் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் நடுவுல ஒரே ஒரு ராத்திரி தங்குறாங்க. ஒரு ராத்திரி கெஸ்ட்டுக்கும் பெட்ஷீட், துண்டு, பாத்ரூம் கழுவுறது, சி ஃபார்ம் எல்லாம் அதே வேலைதான். அதனால ரெண்டாவது ராத்திரிக்கு ரேட்டை குறைச்சு கொடுங்க, ரெண்டாவது நாளுக்கு நீங்களே ஒரு பிளான் வெச்சிருங்க. காலையில ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கண்ணாடி மேல கலர் ஊத்தி அச்சு எடுக்குறதை கிட்ட நின்னு பார்த்தாங்கன்னா ஒரு மணி நேரம் போறதே தெரியாது. அப்புறம் பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, சாயந்திரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைங்க, நடுவுல ஒரு கண்டாங்கி தறி, 2019ல புவிசார் குறியீடு வாங்கின சேலை அது.

வரவேற்புங்கிறதை பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பி அண்ட் பிக்கு ஆள் திரும்ப வர்றது அதுக்குத்தான். கார்ல நாலு மணி நேரம் வந்து இறங்கினவங்களை நேரா ரூமுக்கு கூட்டிட்டு போய் ரிமோட் எங்க சுவிட்ச் எங்கன்னு காட்டாதீங்க. திண்ணையில உட்கார வைங்க, பானைத் தண்ணி கொடுங்க, செருப்பை அங்கயே விடச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம் அவங்க மூச்சு விடட்டும். அப்புறம் முகப்பு வழியா வளவுக்கு கூட்டிட்டு போங்க, வாசல்ல நின்னா பின்கட்டு கதவு வரைக்கும் ஒரே நேர்கோட்டுல தெரியும், அதை அவங்களே பார்க்கட்டும், நீங்க பேசாதீங்க. வீட்டுக்கதையை அவங்க கேட்டா சொல்லுங்க. பர்மாவுல லேவாதேவி பண்ணது, தேக்கு கப்பல்ல வந்தது, எந்த அறையில யாரு பொறந்தது, இதெல்லாம் சாயந்திரம் காபியோட வந்தா நல்லாயிருக்கும், வந்து இறங்கின உடனே சொன்னா காதுல ஏறாது.

காலை சாப்பாடு இன்னும் முக்கியம். பஃபே வேண்டாம், பிரெட் ஆம்லெட்டை கேட்டா மட்டும் கொடுங்க. இட்லிக்கு கத்திரிக்காய் கோசமல்லி, இடியாப்பம், ஒரு வெள்ளைப் பணியாரம் வரமிளகாய் துவையலோட, இனிப்புக்கு கந்தரப்பமோ கவுனி அரிசியோ, நாளுக்கு ரெண்டு அயிட்டம் போதும், ஆனா சூடா ஒவ்வொண்ணா வரணும். வெள்ளைப் பணியாரம் எண்ணெயிலேர்ந்து எடுத்த உடனே ஓரம் மொறுமொறுன்னு நடு பஞ்சு மாதிரி இருக்கும், ஆறிருச்சுன்னா அதை சாப்பிட்டு யாருக்கும் செட்டிநாடு ஞாபகம் இருக்காது. சமையல் ஆச்சி ஒருத்தங்க நல்லா அமைஞ்சா அவங்களுக்கு சம்பளத்தை பேரம் பேசாதீங்க, அவங்க லீவு நாளை கேட்டுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி புக்கிங்கை மூடுங்க.

இந்த வழி யாருக்கு: வீட்டுலயே இருக்க ஒருத்தர் உண்டு, பங்காளிங்க எதிர்க்கல, உடனே லாபம் வேணும்னு அவசரம் இல்ல. இந்த மூணும் இருந்தா வேற வழியை யோசிக்கவே வேண்டாம்.

இடையில ஒரு குறுக்கு வழி: மேனேஜர் வெச்சு ஆன்லைன்ல விடுறது

"நாங்க சென்னையில இருக்கோம், ஒரு மேனேஜரை போட்டு வெப்சைட்ல லிஸ்ட் பண்ணிரலாமே"ன்னு கேக்குறவங்கதான் அதிகம். நான் வேண்டாம்னுதான் சொல்வேன். குடும்பம் குடியிருக்கணும்ங்கிற நிபந்தனையே அடிபட்டுப் போயிரும். அது போக, இந்த வீட்டுக்கு வர்றவங்க தேடி வர்றது வீட்டுக்காரங்களை. ஒரு ஆளு சாவியை கொடுத்துட்டு மொபைல் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா, தூண் எவ்வளவு அழகா இருந்தாலும் ரிவ்யூல "நல்ல வீடு, ஆனா ஆளில்லாத மாதிரி இருந்துச்சு"ன்னுதான் வரும். தரையை ஆசிட் ஊத்தி கழுவினாலும் உங்களுக்கு தெரியாது, அடுத்த படைப்புக்கு போகும்போது ஆத்தங்குடி டைல்ஸ்ல பூ வெளுத்து போயிருக்கும். தண்ணியில நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு துடைக்கணும்னு சொல்லிட்டு வந்தாலும், கூட இருந்து பார்க்க ஆள் இல்லன்னா ஆசிட் பாட்டில்தான் சீக்கிரம் வேலை முடியுதுன்னு எடுப்பாங்க.

வழி 2: ஹோட்டல் நடத்துறவங்களுக்கு நீண்ட கால லீஸ்

குடும்பத்துல யாருமே ஊருக்கு திரும்பப் போறதில்லன்னா நேர்மையான பதில் இதுதான். ஹோட்டல் நடத்துறவங்க காசு இறக்குறாங்க, கூரையை சரி பண்றாங்க, ஸ்டாஃப் போடுறாங்க, மார்க்கெட்டிங் பார்க்குறாங்க, உங்களுக்கு மாசம் வாடகை வருது. 1950க்கு முன்னாடி கட்டின வீடா இருந்தா ஹெரிட்டேஜ் ஹோட்டல் வகைப்பாட்டுக்கும் அவங்களே விண்ணப்பிப்பாங்க.

ஆனா அவங்க போட்ட காசை எடுக்க வருஷம் வேணும், அதனால நீளமான லீஸ்தான் கேப்பாங்க. அவ்வளவு காலம் சாவி நம்ம கையில இருக்காது, இன்னைக்கு ஸ்கூல் படிக்கிற பிள்ளைக்கு அங்க கல்யாணம் வெக்க நினைச்சா அவங்களை கேட்டுத்தான் வெக்கணும். அதனால லீஸ்ல என்ன எழுதுறீங்கங்கிறதுதான் எல்லாமே.

படைப்பு நாளும், வருஷத்துக்கு இத்தனை நாள் குடும்ப விசேஷமும் வாடகை இல்லாம நமக்குன்னு எழுதுங்க, எத்தனை மாசத்துக்கு முன்னாடி சொல்லணும்னும் எழுதுங்க. சாமி அறை சாவி குடும்பத்துகிட்டயே இருக்கணும். சுவர் வேலை சுண்ணாம்புலதான், சிமென்ட் வெச்சு பூசக்கூடாதுன்னு தனி வரியா போடுங்க. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ள வாங்கி வெளிய விட்டுரும், மேல சிமென்ட் பூசினா ஈரம் உள்ளயே அடைபட்டு உப்பு பூத்து செங்கல்லே அரிக்க ஆரம்பிச்சிரும். எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்டுல லீஸ் எடுத்தவங்க அடுப்படி பக்கம் முழுக்க சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டிட்டாங்க, மூணாவது மழையில அந்தப் பக்கத்து உத்தரக்கட்டையோட நுனி சுவருக்குள்ளயே மக்கி, தளம் ஒரு பக்கம் இறங்கிருச்சு, யாரு சரி பண்றதுன்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி கூட இல்ல. மெட்ராஸ் டெரஸ்ங்கிற, மரக்கட்டை மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளத்துல கட்டை நுனி சுவருக்குள்ள உட்கார்ந்திருக்கும், அது மக்குறது வெளியில தெரியவே தெரியாது, தெரியும்போது செலவு பல மடங்கு ஆயிருக்கும்.

சாமான் லிஸ்ட் போட்டோவோட வேணும். பெல்ஜியம் கண்ணாடி, தேக்கு ஊஞ்சல், பித்தளை அண்டா, எல்லாத்துக்கும் நம்பர் போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து. லீஸ் முடியும்போது பாத்ரூம், ஏசி, லிஃப்ட் எல்லாம் யாருக்கு, எடுத்துட்டு போனா ஓட்டையை யாரு அடைக்கிறதுன்னும் சேர்த்து எழுதணும்.

வாடகை எப்படிங்கிறதும் முக்கியம். வரவுல பங்கு மட்டும்னு ஒத்துக்காதீங்க, குறைஞ்சபட்ச வாடகை ஒண்ணு கண்டிப்பா இருக்கட்டும், அதுக்கு மேல பங்கு. 2020ல கொரோனா வந்தப்ப ஹோட்டல் எல்லாம் மூடி வாடகை நின்னு போச்சு, அந்த மாதிரி வந்தா வாடகை நின்னாலும் பராமரிப்பு நிக்கக்கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க.

வரியில இதுக்கு ஒரு சௌகரியம் உண்டு, வீட்டு வாடகை வருமானத்துல 30% கழிவு பில் இல்லாமலே கிடைக்கும், பங்கு இவ்வளவுன்னு பத்திரத்துல தெளிவா இருந்தா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பங்குக்கு மட்டும் வரி கட்டினா போதும். உள்ளூர் பங்காளிக்கு 10% டிடிஎஸ், அதாவது வாடகை கொடுக்கும்போதே கழிக்கிற வரி பிடிப்பாங்க. வெளிநாட்டுல குடியிருக்குற பங்காளியா இருந்தா 31.2% வரைக்கும் பிடிப்பாங்க, அப்புறம் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கணும். சிங்கப்பூர் அண்ணன் "எனக்கு மட்டும் ஏன் கம்மியா வருது"ன்னு கோவிச்சுக்கிட்ட வீடு உண்டு, முன்னாடியே சொல்லி வைங்க.

ஒரு வருஷத்துக்கு மேல போற லீஸ்னா ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும், முத்திரைத்தாள் செலவு யாருதுன்னு பேசிக்கோங்க. வெளிநாட்டுல இருக்குறவங்க தங்களுக்காக கையெழுத்து போட இன்னொருத்தருக்கு பவர் எழுதி கொடுத்தா அந்த பேப்பர் இந்தியா வந்த 3 மாசத்துக்குள்ள இங்க முத்திரை போட்டுரணும், இதுல தாமதம் ஆகி மறுபடி பவர் எழுத வெச்ச வீடுங்க நிறைய.

இந்த வழி யாருக்கு: ஊர்ல ஆள் இல்ல, கூரைக்கு இப்பவே பெரிய செலவு நிக்குது, பங்காளிங்க எல்லாரும் கையெழுத்து போட தயார். இதுல கடைசியா சொன்னது இல்லன்னா யாருகிட்டயும் பேச்சே ஆரம்பிக்காதீங்க, அவங்க வக்கீல் முதல்ல கேக்குறதே வில்லங்கமும் எல்லா பங்குதாரர் சம்மதமும்தான்.

வழி 3: ஷூட்டிங், ஃபோட்டோஷூட், விசேஷத்துக்கு நாள் வாடகை

காரைக்குடி பக்கம் சினிமாக்காரங்களுக்கு புதுசு இல்ல. முதலீடு ஒண்ணும் பெருசா வேண்டாம், ரூம் பாத்ரூம் எதுவும் கட்ட வேண்டாம், ஒரு நாளைக்கு வர்ற காசு பி அண்ட் பியில ஒரு வாரத்துக்கு வர்றதை விட அதிகமா கூட இருக்கும். அதனாலதான் எல்லாரும் ஆசைப்படுறாங்க.

ஆனா ஒரு யூனிட்னா நூறு பேருக்கு மேல வருவாங்க, லைட், டிராலி தண்டவாளம், ஜெனரேட்டர் வண்டி, கேட்டரிங். டிராலி சக்கரம் ஆத்தங்குடி தரையில ஓடினா கோடு விழும், தூண்ல டேப் ஒட்டி பிய்ச்சா பாலிஷோட வரும், சுவர்ல ஒரு ஆணி அடிச்சா பழைய பூச்சு கை அகலத்துக்கு பேர்ந்து வரும். அந்த பூச்சை பழையபடி பண்ணத் தெரிஞ்ச கொத்தனார் இப்ப விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இருக்காங்க, அவங்க நாள் கிடைக்கவே காத்திருக்கணும். அட்வான்ஸா டெபாசிட் வாங்கணும், ஷூட்டிங் முன்னாடி பின்னாடி வீடியோ எடுக்கணும், நம்ம ஆளு ஒருத்தர் முழு நாளும் அங்க நிக்கணும். தரைக்கு பிளைவுட் போட்டுத்தான் டிராலி ஓட்டணும், ஆணி கிடையாது, சாமி அறைக்குள்ள வரக்கூடாது, இதுக்கு ஒத்துக்காதவங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்.

வருமானம் நிலையா வராது. ஒரு வருஷம் மூணு படம் வரும், அடுத்த வருஷம் ஒண்ணும் வராது. ஆத்தங்குடியில லட்சுமி விலாஸ் மாதிரி டிக்கெட் போட்டு சுத்திப் பார்க்க விடுறது இன்னொரு வழி, ஆனா அதுக்கு வீடு ஊர் வழியில இருக்கணும், பஸ் நிறுத்த இடம் வேணும், தினமும் திறந்து மூட ஆள் வேணும்.

இந்த வழி யாருக்கு: பங்காளிங்களுக்குள்ள இன்னும் ஒத்து வரல, நீண்ட காலத்துக்கு கையெழுத்து போட முடியாது, ஆனா இந்த வருஷ ஓட்டு வேலைக்கு மட்டும் காசு வேணும். அந்த அளவுக்கு சரி. பி அண்ட் பி நடத்துறவங்களும் கெஸ்ட் இல்லாத மே, ஜூன்ல ரெண்டு ஃபோட்டோஷூட் எடுத்துக்கலாம், கெஸ்ட் தங்கியிருக்குற நாள்ல மட்டும் கண்டிப்பா கூடாது.

பூட்டியே வெச்சா?

பூட்டி வெச்சா செலவில்லன்னு நினைக்கிறது தப்பு. ஐப்பசி மழைக்கு முன்னாடி நாட்டு ஓடு புரட்டி உடைஞ்சதை மாத்தணும், குரங்கு ஒரு நாள் ஏறினாலே இருபது ஓடு போயிரும். மழைத்தண்ணி வெளியேறுற தூம்புல இலை அடைச்சா வளவு வாசல்ல விழ வேண்டிய தண்ணி சுவர்ல இறங்கும், கைப்பிடிச்சுவர்ல அரசங்கன்னு முளைச்சா ரெண்டு வருஷத்துல வேர் சுண்ணாம்புக் காரைக்குள்ள போயிரும். இந்த மூணையும் வருஷம் தவறாம பார்த்தா பூட்டின வீடும் நிக்கும். பார்க்கலன்னா கடைசியில தேக்கையும் கதவையும் பிரிச்சு வித்துரலாம்னு யாராவது ஒரு பங்காளி ஆரம்பிப்பாரு, பிரிச்ச வீட்டை திரும்ப கட்ட முடியாது. அந்த விலைக்கு ஆசைப்பட வேண்டாம்னு கையெடுத்து கேட்டுக்கிறேன்.

| | நாமளே பி அண்ட் பி | லீஸ் | நாள் வாடகை |
|---|---|---|---|
| வீட்டுல நம்ம ஆளு | கட்டாயம் | வேண்டாம் | அந்தந்த நாளுக்கு மட்டும் |
| பங்காளி சம்மதம் | எல்லாரும் | எல்லாரும், ரெஜிஸ்டர் பண்ணி | எல்லாரும், ஆனா ஒரு தடவைக்கு |
| படைப்பு, கல்யாணம் | நம்ம இஷ்டம் | எழுதி வாங்கினா உண்டு | நம்ம இஷ்டம் |
| முதல் செலவு | நடுத்தரம், நம்ம காசு | பெருசு, அவங்க காசு | ரொம்ப கம்மி |
| கூரை பராமரிப்பு | நாம | ஒப்பந்தத்துல எழுதினபடி | நாம |
| பெரிய ஆபத்து | நம்ம உடம்பும் நேரமும் | சிமென்ட், நீண்ட கட்டு | தரை, பூச்சு சேதம் |
| வருமானம் | சுமார், சீசன்ல | நிலையானது | வந்தா பெருசு, வராமலும் போகும் |

இன்னும் முடிவு பண்ண முடியலன்னா

ஒரே சீசன் மட்டும் சோதிச்சு பாருங்க. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும், குடும்பத்துல ரிட்டயர் ஆன சித்தப்பா சித்தியோ அத்தையோ யாராவது நாலு மாசம் ஊர்ல வந்து இருக்க முடியுமான்னு கேளுங்க. ஏற்கனவே பாத்ரூம் பக்கத்துல இருக்குற ரெண்டு ரூமை மட்டும் பதிவு பண்ணி எடுங்க, புதுசா சுவர் எதையும் உடைக்காதீங்க, நல்ல மெத்தை, கொசுவலை, சுடுதண்ணி, படிக்க வெளிச்சம், இவ்வளவுதான் வாங்க வேண்டியது. சென்னையிலேர்ந்து வர்றவங்க பல்லவன் எக்ஸ்பிரஸ்ல காரைக்குடி வந்து இறங்கினா கூட்டிட்டு வர ஒரு ஆட்டோக்காரரை பேசி வைங்க. நாலு மாசத்துல எத்தனை ரூம் ராத்திரி நிரம்புச்சுன்னு விட, சித்தப்பாவுக்கும் சித்திக்கும் முன்பின் தெரியாதவங்களை வீட்டுல வெச்சு சோறு போடுறது பிடிச்சிருக்கான்னு பாருங்க. பிடிச்சிருந்தா வழி 1. சலிப்பு தட்டிருச்சுன்னா வருத்தப்படாம லீஸ் பேசுங்க, அதுல உங்க வீட்டுக்கு ஒரு குறையும் இல்ல.

எந்த வழியா இருந்தாலும் முதல் காகிதம் பங்காளிங்களுக்குள்ளதான். யாரு பங்கு எவ்வளவு, வர்ற காசுல முதல்ல கூரைக்குன்னு எவ்வளவு ஒதுக்கி தனி அக்கவுன்ட்ல போடுறது, மிச்சத்தை எப்படி பிரிக்கிறது, அங்க குடியிருந்து பார்க்குறவங்களுக்கு தனியா சம்பளம் உண்டா இல்லையா, அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் விலகணும்னா எப்படி, யாரு வீட்டு விசேஷத்துக்கு எத்தனை நாள். குடியிருந்து பார்க்குறவங்க சம்பளத்தைத்தான் எல்லாரும் எழுதாம விடுவாங்க, "நம்ம வீடுதானே"ன்னு. ரெண்டே வருஷத்துல சண்டை அங்கேருந்துதான் கிளம்பும், அதனால அந்த வரியை முதல்ல எழுதுங்க. எல்லாரும் கையெழுத்து போட்டு ஆளுக்கு ஒரு காப்பி வாங்கிக்கிட்டதுக்கு அப்புறம் கொத்தனாரையும் பிளம்பரையும் கூப்பிடுங்க.